திரையில் சரி, தாளில் இருட்டு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

நிழல்_வெள்ளவத்தை:

வணக்கம். பன்னிரண்டு படங்களை 12×18 அங்குலத்தில் அச்சிட்டு ஃப்ரேம் போட வேண்டும். ஏழு கலர், ஐந்து கறுப்பு வெள்ளை. கொழும்பு 7 இல் ஒரு சின்ன மண்டபம், சுவருக்கு மஞ்சள் ஸ்பொட் லைட். கமரா 24 மெகாபிக்சல், எல்லாம் ரோ ஃபைல், லைட்ரூம் மென்பொருளில் திருத்தியவை. பிரிண்டர் ஆறு மை டாங்க் உள்ள ஏ3+ மொடல். தாள் இரண்டு வகை இருக்கிறது: 260 கிராம் செமி குளோஸ் (அரைப் பளபளப்பு), 230 கிராம் மேட் (பளபளப்பில்லாதது).

சிக்கல் மூன்று. திரையில் தெரிவதைவிட அச்சு நன்றாக இருண்டு வருகிறது. கறுப்பு வெள்ளைப் படங்களில் இலேசான ஊதா ஏறுகிறது. அதே ஃபைலை ஒரு கலர் லாப்பில் கொடுத்தால் இருட்டு மட்டுமல்ல, சிவப்புச் சேலை செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது.

யூடியூப்பில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இருந்து வாசிக்கக்கூடிய ஒரு புத்தகம் வேண்டும். கைக்கு வருவதெல்லாம் அப்பேர்ச்சர், ஷட்டர், "நல்ல படம் எடுப்பது எப்படி" வகைதான். அச்சுப் பக்கத்தை ஆழமாகச் சொல்வது எது? ஒன்றுதான் வாங்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டறை:

முதலில் திரையைக் குறையுங்கள், புத்தகம் பிறகு.

வாங்கி வந்தபடியே இருக்கும் மொனிட்டர் பெரும்பாலும் 250, 300 கண்டெலாவில் (திரைப் பிரகாசத்தின் அளவு) எரிந்துகொண்டிருக்கும். அச்சுக்குத் திருத்த 80 முதல் 120 வரை போதும். திரை பளிச்சென்று இருப்பதால் படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாகக் கண் நம்பிவிடும். நீங்களும் எக்ஸ்போஷரைக் கீழேயே விட்டுவிடுவீர்கள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழுவதைத் திருப்பி அனுப்பத்தான் தெரியும். வீட்டிலும் இருட்டு, லாப்பிலும் இருட்டு என்கிறீர்கள். இரண்டுக்கும் பொதுவானது உங்கள் திரை ஒன்றுதான்.

அளவு கருவி இருந்தால் 100 கண்டெலா, டி65 (திரை வெள்ளையின் சாயல்), காமா 2.2 (நடு நிறங்களின் வெளிச்சம்) என்று வையுங்கள். இல்லாவிட்டால் இப்படிச் செய்யலாம். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, அச்சுப் பார்க்கும் மேசை விளக்கின் கீழ் வெற்றுத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். சில மொனிட்டரில் பிரகாசப் பொத்தானின் எண் 20க்கும் கீழே இறங்க வேண்டிவரும், பயப்பட வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் செய்யாதீர்கள். காலையில் ஒரு அளவு வரும், மழை மூடினால் இன்னொரு அளவு வரும். விண்டோஸின் நைட் லைட்டை நிறுத்துங்கள். அதன்பிறகு அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது.

இதெல்லாம் செய்தாலும் தாள் திரைபோல வராது. நல்ல குளோஸித் தாளில் ஆகக் கூடிய கறுப்பு அடர்த்தி 2.3 அளவில் இருக்கும், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் 200க்கு 1. மேட்டில் 1.6 என்றால் வெறும் 40க்கு 1. சாதாரண மொனிட்டரோ 1000க்கு 1. அந்த இடைவெளியில் எதை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்பதுதான் அச்சுக் கலை. அதைச் சொல்லும் புத்தகம் என்றால் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸின் "த பிரிண்ட்". 1980, 1981, 1983 இல் வந்த மூன்று நூல்களில் கடைசி அது. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் என் வாக்கு அதற்கே.

மை_டாங்க்:

இருட்டைப் பற்றி மேல சொன்னது சரி. ஊதாவுக்கும் செங்கலுக்கும் காரணம் வேற வேற.

ஊதா எண்டால் முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரெட்டைக் கலர் மனேஜ்மென்ட். லைட்ரூமும் நிறத்தைத் திருத்துது, பிரிண்டர் டிரைவரும் (பிரிண்டரை ஓட்டுற மென்பொருள்) திரும்பத் திருத்துது. லைட்ரூம் பிரிண்ட் பக்கத்தில கலர் மனேஜ்மென்ட் எண்ட இடத்தில "மனேஜ்ட் பை பிரிண்டர்" எண்டு இருந்தால் அதை எடுத்துப்போட்டு, உங்கட தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில மை எப்பிடி நிறம் காட்டும் எண்டு சொல்லுற ஃபைல்) தெரிவு செய்யுங்கோ. பிறகு டிரைவரைத் திறந்து அங்க நிறத் திருத்தத்தை அடியோட நிப்பாட்டுங்கோ. எப்சன் எண்டால் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்". கனன் எண்டால் கலரை மனுவலுக்கு மாத்தி, மெச்சிங் எண்ட இடத்தில "நன்". சில டிரைவர் அடுத்த முறை திறக்கேக்க பழைய நிலைக்குத் திரும்பிடும், அதால செட்டிங்கை ஒரு பேர் வைச்சு சேமிச்சு வையுங்கோ.

டிரைவரில மீடியா டைப்பும் (தாள் வகை) முக்கியம். எவ்வளவு மை ஊத்துறது எண்டதை அதுதான் தீர்மானிக்கும். மேட் தாளுக்குக் குளோஸி எண்டு குடுத்தால் மை கூடி நிழல் எல்லாம் அடைச்சுப்போகும்.

இங்க கன பேர் விடுற பிழை ஒண்டு: பெட்டியோட வந்த மை முடிய, கடையில கிடைக்கிற வேற மையை ஊத்திறது. ஊத்துங்கோ, ஆனால் தாள் கம்பனி தந்த புரொஃபைல் அந்த நிமிசத்தில இருந்து செல்லாது. அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் சேர்த்துப் புதுசா எடுக்க வேணும். அதுக்கான நிறக்கட்டப் பக்கத்தை அச்சடிச்சால் ஒரு நாள் காய விட்டிட்டு அளவு எடுங்கோ. ஈரத்தோட அளந்தால் பிழையைத்தான் அளப்பீங்கள்.

புரொஃபைல் சரியா இருந்தாலும் கன ஆறு மை மெசினில சாம்பல் மை கிடையாது. அப்பிடிப்பட்டது சாம்பலை சியான், மெஜன்டா, மஞ்சளைக் கலந்துதான் செய்யும். பகல்ல நடுநிலை, பல்ப் வெளிச்சத்தில ஒரு சாயல். முழுக்க ஒழிக்க ஏலாது. சுகமான வழி, படத்துக்கு நீங்களே கொஞ்சம் சூடான சாயல் குடுக்கிறது: ஹியூ 40, சாச்சுரேஷன் 5. ஐந்து படத்துக்கும் ஒரே அளவு. வேணுமெண்டு வைச்ச சாயல் கண்ணுக்குப் பிழையாத் தெரியாது. டிரைவரில கிரேஸ்கேல் போட்டால் பெரும்பாலும் கறுப்பு மையிலயே அடிக்கும், சாயல் குறையும், ஆனால் வானம், முகம் மாதிரி வெளிச்சமான இடத்தில புள்ளி தெரியும்.

செங்கல் நிறம்: நீங்கள் லாப்புக்குக் குடுத்தது அடோபி ஆர்ஜிபி (கூடப் பரந்த நிற முறை) ஃபைலா இருக்கும். மினிலாப் மெசின்கள் பொதுவா எஸ்ஆர்ஜிபி (சாதாரண, சின்ன நிற முறை) எண்டே வாசிக்கும், அதால சிவப்பும் பச்சையும் செத்துப்போகும். எஸ்ஆர்ஜிபி, ஜேபெக், 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), 5400×3600 பிக்சல் எண்டு ஏற்றுமதி பண்ணுங்கோ. குடுக்கேக்க "ஓட்டோ கரெக்ஷன் வேண்டாம்" எண்டு வாயால சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் மெசின் தன்ர விருப்பத்துக்கு வெளிச்சமாக்கும்.

புத்தகம் எண்டால் எனக்கு அடம்ஸ் இல்லை. புரூஸ் ஃபிரேசர் ஆக்கள் எழுதின "ரியல் வேர்ல்ட் கலர் மனேஜ்மென்ட்", 2003. அதில வாற மென்பொருள் படம் எல்லாம் பழசு, அதைத் தாண்டுங்கோ. புரொஃபைல் எண்டால் என்ன, ரெண்டரிங் இன்டென்ட் (தாளுக்கு அடங்காத நிறத்தை அடக்கிற முறை) என்ன செய்யுது எண்ட முதல் பகுதி இண்டைக்கும் அப்பிடியே பொருந்தும்.

நிழல்_வெள்ளவத்தை:

மிக்க நன்றி. திரையின் பிரகாச எண் 18க்கு இறங்கியது, டிரைவர் திருத்தத்தையும் நிறுத்தினேன். ஊதா பெரும்பாலும் போய்விட்டது. செமி குளோஸ் இப்போது கிட்டத்தட்டத் திரைபோலவே இருக்கிறது. மேட்டில் மட்டும் நிழல் இன்னும் ஒரே கறுப்புக் கட்டியாக இருக்கிறது. தாளின் ஓரத்தில் சின்னச் சின்ன மை இழுப்புகளும் விழுகின்றன. இருட்டறையே இல்லாதவனுக்கு அடம்ஸ் எதற்கு என்பதும் விளங்கவில்லை.

கடதாசிப்பெட்டி:

ஓரத்து மை இழுப்பு பிரிண்டரின் குறை அல்ல தம்பி, ஈரம். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதம் என்பது சர்வசாதாரணம். பிரித்த பையில் கிடந்த தாள் ஈரம் குடித்து ஓரத்தில் சுருளும், சுருண்ட ஓரத்தில் அச்சுத் தலை உரசும். தாளைக் கம்பனிப் பையிலேயே சிலிக்கா ஜெல்லோடு மூடி, மேலே ஒரு பாரம் வைத்துத் தட்டையாக வையுங்கள். தேவைக்கு ஒவ்வொன்றாக எடுங்கள். ஏசி அறையில் அச்சிடுவதானால் பையை அங்கே கொண்டுபோய், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். ஏசியில் குளிர்ந்த தாளை வெளியே எடுத்து உடனே பிரித்தால் அதன்மேல் நீர் பூக்கும். இவ்வளவுக்கும் பிறகும் உரசினால் டிரைவரில் "திக் பேப்பர்" என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். தலை கொஞ்சம் உயரும்.

மேட் தாளில் மை பிடிக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சந்தேகம் என்றால் விரல் நுனியை நனைத்து மூலையில் வைத்து எடுங்கள். ஒட்டுகிற பக்கம் பூச்சுப் பக்கம். பின்பக்கத்தில் அடித்தாலும் இதே கறுப்புக் கட்டிதான் வரும்.

ஃப்ரேம் போடும்போது அச்சு கண்ணாடியைத் தொடவே கூடாது. இந்த ஈரத்தில் சில மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மையின் மேற்பரப்பு கண்ணாடியோடு போகும். அமிலமில்லாத மவுண்ட் போர்ட், 1.4 மில்லிமீட்டர் அளவு, நடுவில் வையுங்கள். ஏ3+ தாள் 329×483 மில்லிமீட்டர். 12×18 அங்குலப் படத்தை நடுவில் அடித்தால் சுற்றிவர 12 மில்லிமீட்டர் வெள்ளை மிஞ்சும், கைபிடிக்கவும் மவுண்டின் பின்னால் ஒட்டவும் அது போதும். செலோடேப் வேண்டாம். அச்சடித்த அன்றே கண்ணாடிக்குள் பூட்டவும் வேண்டாம், ஒரு நாள் முழுதும் காயட்டும். ஃப்ரேமின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையில் மூலைக்கொரு சின்ன ரப்பர் துண்டு வைத்தால் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

புத்தகச் சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் நுட்ப நூலோடு நல்ல அச்சுகளையும் பார்க்க வேண்டும். நீங்கள் படம் மாட்டப்போகும் அதே வட்டாரத்தில்தான் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் பெயரில் அரங்கும் கலைக்கூடமும் இருக்கின்றன. அவர் 1944 இல் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் காலத்து அச்சுகளும் 1950 இல் வந்த புத்தகமும்தான் இன்று நமக்கு வழி. அந்தப் படங்களின் மறுபதிப்பு கிடைத்தால் உருவங்களை விடுங்கள், நிழலுக்குள் எவ்வளவு விவரம் விட்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

இருட்டறை:

அடம்ஸ் எதற்கு என்று கேட்டீர்கள். மருந்துக் கலவை, கழுவும் நேரம் எல்லாவற்றையும் தாண்டிவிடுங்கள். சோதனைத் துண்டு, டொட்ஜிங் (ஓர் இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது), பேர்னிங் (ஓர் இடத்தை மட்டும் இருட்டாக்குவது), அச்சு காய்ந்தபின் இருண்டுபோவது, இவை உங்களுக்கு. டிரை டவுன் என்று அவர் சொல்வதை மேட் தாளில் நீங்களும் காணலாம்: வெளியே வந்தவுடன் ஒரு நிறம், காய்ந்தபின் இன்னொரு நிறம். மை_டாங்க் சொன்ன நூல் எண்ணைச் சரியாக்கும், அடம்ஸ் கண்ணைச் சரியாக்குவார். இரண்டுக்கும் நடுவில், டிஜிட்டலையே பேசுவது வேண்டுமானால் ஜெஃப் ஷூவியின் "த டிஜிட்டல் பிரிண்ட்", 2013. லைட்ரூம் வைத்திருப்பவருக்கு உடனே கைகொடுப்பது அதுதான்; நீங்கள் இருக்கும் நிலைக்கு என் முதல் வாக்கை அதற்கு மாற்றிக்கொள்கிறேன். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சி வரை காத்திருக்க வேண்டாம், பழைய பிரதி போதும்.

மேட் நிழலுக்கு இரண்டு தாள் செலவழியுங்கள்.

முதல் ஏ4 தாளில் ஆறு கட்டங்கள்: ஆர்ஜிபி எண் 0, 4, 8, 12, 16, 20. இறுதி அச்சுக்கு வைக்கும் அதே புரொஃபைல், அதே மீடியா டைப். காய்ந்தபின் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்துக் கட்டங்கள் எந்த எண்ணிலிருந்து பிரிந்து தெரிகின்றன? 12 வரை ஒரே கறுப்பு என்றால், விவரம் வேண்டிய எந்த நிழலும் 16க்குக் கீழே இருக்கக்கூடாது. கர்வில் (வெளிச்சம், நிழலைத் திருத்தும் வளைகோடு) அடிப்பகுதியை மட்டும் அதற்கு மேலே தூக்குங்கள். எக்ஸ்போஷரை ஏற்றிச் சமாளிக்கப் போனால் முகமும் வானமும் வெளிறிவிடும்.

இரண்டாவது தாளில் சோதனைத் துண்டு, நிழலைத் தூக்கியபின் படத்தின் மொத்த வெளிச்சத்தைப் பார்க்க. படத்திலேயே தொல்லை கொடுக்கும் இடத்தை, முழு அளவில், 180×50 மில்லிமீட்டர் வெட்டாக எடுங்கள். கறுப்பு முடிக்குப் பக்கத்தில் நெற்றி வருவதுபோல ஓர் இடம் நல்லது. ஐந்து வர்ச்சுவல் கொப்பி (லைட்ரூமில் ஒரே படத்தின் நகல்), எக்ஸ்போஷர் 0, 0.2, 0.4, 0.6, 0.8. ஐந்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக 250 மில்லிமீட்டர், ஏ4இல் அடங்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண்ணை எழுதுங்கள், மறந்துவிடும்.

லைட்ரூம் டெவலப் பக்கத்தில் எஸ் விசையை அழுத்தினால் சொஃப்ட் புரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) வரும். அதில் "சிமுலேட் பேப்பர் அன்ட் இங்க்" போடும் கணத்தில் திரையைப் பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பி ஐந்து வினாடி கழித்துப் பாருங்கள். வெளிறுவதை நேரில் கண்டால் கண் அதையே பிடித்துக்கொள்ளும். ரெண்டரிங் இன்டென்டைப் பொறுத்தவரை, படத்துக்குப் படம் ரிலேட்டிவையும் பெர்செப்சுவலையும் மாற்றிப் பாருங்கள். அந்தச் சிவப்புச் சேலையின் மடிப்புகள் எதில் மிஞ்சுகின்றனவோ அதை வையுங்கள்.

கூர்மையாக்கத்தைக் கடைசியில் செய்யுங்கள், அளவு மாற்றியபின். 24 மெகாபிக்சல் ஃபைல் 18 அங்குலத்தில் 333 பிபிஐ தருகிறது, பெருப்பிக்கத் தேவையில்லை. பிரிண்ட் ஷார்ப்பனிங்கில் மேட் என்று தெரிவு செய்தால் கொஞ்சம் கூடுதலாகத் தீட்டும். மை பரவும் தாளுக்கு அது வேண்டும்.

சோதனைத் துண்டை மேசை விளக்கில் முடிவுசெய்ய வேண்டாம். அந்த மண்டபத்துக்கே கொண்டுபோய், ஸ்பொட் லைட்டைப் போட்டு, படம் தொங்கப்போகும் உயரத்தில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். மஞ்சள் விளக்கு 2700, 3000 கெல்வினில் நீலத்தைத் தின்னும். வீட்டில் 0.4 நன்றாக இருந்தாலும் அங்கே 0.6 தேவைப்படலாம்.

நிழல்_வெள்ளவத்தை:

ஆறு கட்டத் தாளை அடித்துக் காய வைத்திருக்கிறேன். விரல் சோதனையும் பார்த்தேன் அண்ணா. மேட் முழுவதையும் பின்பக்கத்தில்தான் அடித்திருக்கிறேன்.