கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை: முதலில் கொழுப்பைக் குறைப்பதா, தசையை ஏற்றுவதா?

பனைமரம்29:

ஆண், வயது 29, உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் 94 செ.மீ. சட்டை போட்டால் ஒல்லியாகத் தெரியும், கழற்றினால் தொப்பை. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஜிம்மில் சேர்ந்து 4 மாதம், வாரம் 3 நாள். பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் எடை தூக்குவது) 40 கிலோவைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ஜிம் மாஸ்டர் "முதல்ல பல்க் பண்ணு, 3,000 கலோரி சாப்பிடு, மாஸ் கெய்னர் எடு" என்கிறார் (பல்க் என்றால் கூடுதலாகச் சாப்பிட்டு எடையும் தசையும் ஏற்றுவது, மாஸ் கெய்னர் என்றால் எடை ஏற்றும் பவுடர்). கூட வேலை பார்ப்பவர் 1,200-க்கு இறங்கச் சொல்கிறார். ஆப்பில் போட்டால் எடை மாறாமல் இருக்க 2,550 கலோரி காட்டுகிறது.

இப்போது சாப்பிடுவது: காலையில் 4 இட்லி, சாம்பார், சட்னி. மதியம் மெஸ் சாப்பாடு. சாயங்காலம் டீ, பிஸ்கட். இரவு 3 தோசை, சில நாள் ஒரு முட்டை. எந்தப் பக்கம் போகலாம்? எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

எடைக்கல்:

நண்பரே, உங்களுக்கு 3,000-ம் வேண்டாம், 1,200-ம் வேண்டாம்.

முதலில் இடுப்பு. அது உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு அந்தப் பாதி 85 செ.மீ., நீங்கள் 94-இல் இருக்கிறீர்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 தாண்டினாலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 24.9 வருவதால் ஆப் உங்களை 'நார்மல்' என்று காட்டும். நம் உடம்புக்கு அந்த எல்லை 25 இல்லை, 23. அதே பிஎம்ஐயில் ஐரோப்பியர்களைவிட நம்மிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு. இந்த நிலையில் 3,000 கலோரி சாப்பிட்டால் தசை வேகமாக ஏறாது. தசை வளர்வதற்கு ஒரு வேகம் இருக்கிறது, அதற்கு மேல் கொட்டுகிற சாப்பாடு வயிற்றில்தான் போய் உட்காரும்.

இப்போது கணக்கு. மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்: எடையை 10-ஆல் பெருக்குங்கள் (720), உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள் (1,062), வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள் (145), ஆண் என்றால் 5 கூட்டுங்கள். பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 1,642. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. நாள் முழுக்க நடமாடும் செலவுக்காக இதை ஆப் 1.55-ஆல் பெருக்கியிருக்கிறது, அதனால்தான் 2,550. வாரம் மூன்று மணி நேரம் ஜிம், மீதி நேரம் நாற்காலி என்றால் 1.4 போதும்: 2,300. இந்த 250 கலோரி வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். குறைத்துச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு எடை மாறாமல் நிற்கும் அளவே சாப்பிடுகிறார்கள்.

2,300-இல் 400 குறைத்து 1,900 வையுங்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. வாரத்துக்கு 350 கிராம் போல இறங்கும், 12 வாரத்தில் 4 கிலோ.

எடை ஏறுமா இறங்குமா என்பதைக் கலோரி முடிவு செய்கிறது. இறங்குகிற எடை கொழுப்பிலிருந்து போகிறதா, தசையிலிருந்து போகிறதா என்பதைப் புரதமும் நீங்கள் தூக்கும் எடையும் முடிவு செய்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. நான்கு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான சாப்பாடு, கடுமையான பயிற்சி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ கூடினார்கள். 1.2 கிராம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய அப்படியே நின்றது. பயிற்சிக்குப் புதியவர், கொழுப்பு கையிருப்பு உள்ளவர், இரண்டும் சேர்ந்தால் குறைவான கலோரியிலும் தசை ஏறும். நீங்கள் அந்த வகை.

உங்களுக்கு நாளைக்கு 120–130 கிராம் புரதம் வேண்டும். இப்போது சாப்பிடும் பட்டியலில் 45–50 தேறினால் அதிகம். பெஞ்ச் நகராததற்கு ஒரு காரணம் அங்கேயே இருக்கிறது.

அளவுகரண்டி:

எடைக்கல் சொன்ன 1,900-ஐ நம்ம சமையலில் எப்படிக் கொண்டுவருவது என்று போடுகிறேன்.

காலை: 3 இட்லி, ஒரு கப் சாம்பார், 2 முழு முட்டை, கூடவே 3 வெள்ளைக்கரு. 450 கலோரி, 33 கிராம் புரதம். தேங்காய்ச் சட்னி ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

மதியம்: வெந்த சோறு 200 கிராம், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் (பச்சையாக எடை போட்டது), ஒரு பொரியல், 100 கிராம் தயிர். எண்ணெய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 டீஸ்பூன். 650 கலோரி, 43 கிராம்.

சாயங்காலம்: சர்க்கரை போடாத டீ, 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல். 200 கலோரி, 10 கிராம்.

இரவு: 2 சப்பாத்தி, 40 கிராம் மீல் மேக்கர் (காய்ந்த எடை) வெங்காயம் தக்காளியோடு 2 டீஸ்பூன் எண்ணெயில். 480 கலோரி, 29 கிராம். படுக்கும் முன் 200 மி.லி. பால், 120 கலோரி, 6 கிராம்.

கூட்டினால் 1,900 கலோரி, 121 கிராம். கோழி இல்லாத நாளில் அதே எடைக்கு மீன் போதும். மத்தி என்றால் கொழுப்பு கொஞ்சம் கூட வரும், அன்றைக்குப் பாலை விட்டுவிடலாம்.

கணக்கு தப்புவது எப்போதும் இதே இடங்களில்தான். அரிசியைப் பச்சையாக எடை போட்டுவிட்டு ஆப்பில் 'சோறு' என்று பதிகிறார்கள். 100 கிராம் வேகாத அரிசி 350 கலோரி, 100 கிராம் சோறு 130 தான். கோழியில் தலைகீழ்: வெந்தால் தண்ணீர் போய்ச் சுருங்கும், அதனால் வெந்த 100 கிராமில் 31 கிராம் புரதம், பச்சையில் 22–23. எதைப் பதிவது என்பதை ஒரு முறை முடிவுசெய்து அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

அடுத்தது எண்ணெய். ஒரு டீஸ்பூன் 40–45 கலோரி, கண்ணுக்கே தெரியாது. வீட்டில் மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு லிட்டர் 8,000 கலோரிக்கு மேல். நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 270 கலோரி எண்ணெயாகவே போகிறது. நீங்கள் குறைக்க நினைக்கும் 400-இல் பெரும்பகுதி அது. மெஸ் சாப்பாட்டில் இதை அளக்கவே வழியில்லை. வாரம் ஐந்து நாளாவது டப்பா கட்டிக்கொண்டு போங்கள், முடியாத நாளில் வறுவலையும் அப்பளத்தையும் தவிர்த்து சோறு, சாம்பார், மோர், அவித்த முட்டை என்று முடியுங்கள்.

மாஸ் கெய்னர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேல் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வேகமாகச் சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த மாதிரி சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது.

தண்டால்:

சாப்பாடு பத்தி ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் ஜிம் பக்கம் சொல்றேன் சகோ.

கொழுப்பு குறைக்கிற நேரம்னா லேசான வெயிட், 25 ரெப்ஸ் (ஒரு செட்ல தொடர்ந்து தூக்கற எண்ணிக்கை), 'ஷேப்' வரும்னு நிறைய ஜிம்ல மாத்தி விடுவாங்க. அதைச் செய்யாதீங்க. சாப்பாடு குறையும்போது உடம்பு தேவையில்லாத தசையைக் கழட்டப் பார்க்கும். கனமான வெயிட் தொடர்ந்து தூக்கினாத்தான் அந்தத் தசை தேவைன்னு அதுக்குத் தெரியும்.

மூணு நாளும் முழு உடம்பு பண்ணுங்க. ஸ்குவாட், பெஞ்ச், லேட் புல்டவுன், ருமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், சீட்டட் ரோ. ஒவ்வொண்ணும் 3 செட், 6-லிருந்து 10 ரெப்ஸ். செட் முடியும்போது இன்னும் ஒண்ணு ரெண்டு வரும்ங்கற நிலையில நிறுத்தணும். செட்டுக்கு நடுவுல 2–3 நிமிஷம் ஓய்வு. 45 செகண்ட்ல அடுத்த செட் போனா மூச்சுதான் வாங்கும், வெயிட் ஏறாது. மூணு செட்லயும் 10 வந்துட்டா அடுத்த தடவை 2.5 கிலோ ஏத்துங்க. நோட்டுல எழுதுங்க. 4 மாசமா 40 கிலோன்னா, போன வாரம் எத்தனை ரெப்ஸ் போட்டோம்னு தெரியாம தூக்கறதும் ஒரு காரணமா இருக்கும். ஜிம்ல 1.25 கிலோ தட்டு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 5 கிலோவா தாவ வேண்டியிருக்கும், பெஞ்ச்ல அது பெரிய தாவல்.

தூக்கம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு 2010-ல வந்தது. ஒரே ஆட்கள், ஒரே அளவு சாப்பாடு, ரெண்டு வாரம் எட்டரை மணி நேரம், ரெண்டு வாரம் அஞ்சரை மணி நேரம் படுக்கை. ரெண்டு தடவையும் எடை 3 கிலோ போலத்தான் குறைஞ்சது. ஆனா கொழுப்பு நல்லா தூங்கின தடவை 1.4 கிலோ, தூக்கம் கெட்ட தடவை வெறும் 0.6. மீதியில பெரும்பகுதி தசையும் தண்ணியும்தான். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கறவங்க இதைக் கவனிக்கணும்.

கிரியேட்டின் (கனமான வெயிட் தூக்க உதவற சத்துப் பொடி) 3–5 கிராம் தினமும் எடுக்கலாம், எந்த நேரமானாலும் சரி. முதல் சில வாரத்துல தசைக்குள்ள தண்ணி சேர்ந்து ஒரு கிலோ வரை ஏறும், பயப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போனா எடுக்கறதைச் சொல்லிடுங்க. சிறுநீரகத்தைப் பார்க்க அளக்கற கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடக் காட்டும், சிறுநீரகம் கெட்டுப்போச்சோன்னு தேவையில்லாம அலைய விடுவாங்க.

மல்லிகைப்பந்தல்:

இங்கேயே ஒரு சந்தேகம். வயது 31, உயரம் 158, எடை 55, இடுப்பு 74. சைவம், முட்டையும் இல்லை. கை தொளதொளவென்று இருக்கிறது. 1,200 கலோரியில் இருக்கிறேன், சரியா?

எடைக்கல்:

இல்லை சகோதரி, நிறுத்துங்கள். உங்கள் உடம்பு படுத்திருந்தாலே 1,220 செலவழிக்கும், நீங்கள் அதற்கும் கீழே இருக்கிறீர்கள். இடுப்பு பெண்களுக்கான எல்லையான 80-க்குள், உயரத்தில் பாதிக்கும் கீழே. குறைக்கக் கொழுப்பு இல்லை, குறைவது தசை. அதனால்தான் கை தொளதொளக்கிறது. 1,700–1,800-க்கு ஏறுங்கள், புரதம் 90 கிராம், வாரம் 3 நாள் தண்டால் சொன்ன பயிற்சி.

சைவத்தில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். சாம்பாரில் புரதம் நிறைய இருக்கிறது என்று நினைப்பது ஒன்று. ஒரு கப்பில் பருப்பு அரைக் கைப்பிடி போலத்தான் இருக்கும், 3–4 கிராம் புரதம்தான் கிடைக்கும். இன்னொன்று பனீர். 100 கிராமில் 18 கிராம் புரதம், கூடவே 20 கிராமுக்கு மேல் கொழுப்பு. மீல் மேக்கர் 50 கிராம், தயிர் 300 கிராம், பால் 400 மி.லி., பயறு அல்லது கொண்டைக்கடலை 60 கிராம் வைத்தாலே 60 கிராம் தாண்டும், மீதி சோறு, சப்பாத்தியில் வரும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் தண்ணீர் சேர்ந்து எடை ஏறும். அதனால் வாரத்துக்கு வாரம் ஒப்பிடாதீர்கள், சுழற்சியின் அதே நாளை அடுத்த மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

பனைமரம்29:

பத்து நாள் ஆகிவிட்டது. முதல் வாரம் 1.6 கிலோ குறைந்தது, இந்த வாரம் அசையவில்லை. நேற்று 400 கிராம் ஏறிவிட்டது. தசை போகிறதா? எப்போது பல்க்குக்கு மாறுவது?

எடைக்கல்:

முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (உடம்பு சேமிக்கும் மாவுச்சத்து) 3 கிராம் போலத் தண்ணீர் ஒட்டியிருக்கும், சோறு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கும். நேற்று ஏறிய 400 கிராமுக்கு ஊறுகாயோ, தாமதமான இரவுச் சாப்பாடோ, புது ஸ்குவாட் வலியோ போதும்.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை போடுங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பை வாரம் ஒரு முறை, வயிற்றை உள்ளிழுக்காமல். ஜிம்மில் கையில் பிடிக்கும் மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதம் அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்து மாறும், அதை நம்ப வேண்டாம். தசை போகிறதா என்று பார்க்க உங்கள் நோட்டே போதும். எடை குறையும்போது பெஞ்சும் ஸ்குவாட்டும் ஏறினால், குறைந்தபட்சம் நின்றால், தசை இருக்கிறது. மூன்று வாரம் சராசரியும் இடுப்பும் அசையாவிட்டால்தான் 100–150 கலோரி குறைக்க வேண்டும். அதற்கு முன் நடையை எண்ணுங்கள். சாப்பாடு குறைந்தால் நாம் அறியாமலே நடமாட்டமும் குறையும், நாளைக்கு 8,000 அடி என்று கட்டிக்காத்தால் பெரும்பாலும் மறுபடி இறங்கத் தொடங்கும்.

இடுப்பு 85–86-க்கு வரும்வரை இதே பாதை. மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது எடை 67 போல இருந்தால், எடை மாறாமல் நிற்கும் அளவு 2,230 கலோரி. இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். கிளைகோஜன் நிரம்பி ஒரு கிலோ ஏறும், அது கொழுப்பு இல்லை. பிறகு 200–250 கூட்டி 2,450. மாதம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ ஏறினால் சரி. ஒரே மாதத்தில் இடுப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் 100 கலோரி குறையுங்கள்.

தண்டால்:

அந்தக் கூடுதல் 250-ஐ தினமும் ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையா வையுங்க சகோ. தராசுல 25 கிராம் போட்டு எடுங்க, பாக்கெட்ல இருந்து நேரா சாப்பிட்டா 60 கிராம் போயிடும், அதுவே 340 கலோரி.