மனநலப் பிரிவுக்கு அனுப்பும் வேலையைச் சாட்பாட்டிடம் விடலாமா?

பாமணியாற்றங்கரை கேட்கிறார்:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய்வரும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் இருக்கிறேன். மனம் சரியில்லாதவர்களைக் கண்டு பேசி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவது என் வேலை. வாட்ஸப்பில் சாட்பாட் ஒன்றை வைத்துவிடலாம் என்று எங்கள் செயலாளர் முடிவோடு வந்திருக்கிறார். அதுவே கேள்வி கேட்குமாம், மதிப்பெண் போடுமாம், யாரை இன்றே அனுப்ப வேண்டும், யார் பொறுக்கலாம் என்றும் பிரித்துவிடுமாம்.

அவர் காட்டுவது 2024-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு. 28 அரசு மனநல சேவைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். லிம்பிக் என்ற சாட்பாட் வைத்த இடங்களில் சிகிச்சை கேட்டு வந்தவர்கள் 15 விழுக்காடு கூடியிருக்கிறார்கள். வைக்காத இடங்களில் 6 விழுக்காடுதான். சிறுபான்மை இனத்தவர் இன்னும் அதிகமாக வந்திருக்கிறார்கள். மனிதரிடம் சொல்லக் கூசுவதை இயந்திரத்திடம் சொல்லிவிடுகிறார்கள் போலும். எங்கள் ஊர்க் கூச்சத்தை நினைத்தால் எனக்கும் ஆசைதான்.

ஆனால் நான் பார்க்கும் பெண்கள் தலை கனக்கிறது, கைகால் மதமதக்கிறது, சோறு இறங்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். மாமியார் கொல்லைப்பக்கம் போன பிறகே மீதி வரும். கைப்பேசி மகனுடையது, அவன் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். சாட்பாட்டை எதுவரை உள்ளே விடலாம்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வெண்ணாறு அக்கா:

தங்கச்சி, மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் செயலாளரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு ஒருவர் தானே விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை வாங்குவதுதான் அங்கே சாட்பாட்டின் வேலை. நம் அரசு மருத்துவமனையில் விண்ணப்பமே கிடையாது. ஓ.பி. சீட்டு போட்டால் நேரே டாக்டரைப் பார்க்கலாம். நம் ஆட்களைத் தடுப்பது வேறு: ஒரு நாள் கூலி, கூட வர ஆள், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருவார் என்பது தெரியாமை. நடவு நேரத்தில் எந்தப் பெண் ஒரு நாளை விட்டுவிட்டு வருவாள்?

ஆகவே சாட்பாட்டை அந்த இடத்தில் வையுங்கள். டாக்டர் வரும் நாள், எடுத்துவர வேண்டிய பழைய சீட்டு, மாத்திரை தீர்வதற்கு முன் ஒரு நினைவூட்டல். முதல் முறை வந்தவர் மூன்றாம் முறை வராமல் நின்றுவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கு இது நன்றாக உதவும்.

அவசரம் யாருக்கு என்று பிரிப்பதை மட்டும் அதனிடம் விடாதீர்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பு. அதற்கு ‘ஆம்’ என்று யார் சொன்னாலும், அது எவ்வளவு லேசான ‘ஆம்’ ஆக இருந்தாலும், கூட்டிக் கழித்துக்கொண்டிருக்காமல் உடனே ஒரு மனிதர் அழைக்க வேண்டும். 14416, அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அந்த எண் திரையில் முதலிலேயே நிற்கட்டும். நம் பக்கம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? நான் இதைக் கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை. இங்கிலாந்துப் படிவத்தில் இது எங்கே இருக்கப்போகிறது?

குடந்தைக்காரன்:

மென்பொருள் துறையில் இருக்கிறேன். அந்த ஆய்வை எழுதியவர்களில் பலர் அதே நிறுவனத்தினர் என்பதையும் செயலாளர் காதில் போட்டுவையுங்கள். பொய் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு படிக்கட்டும். மேலும் லிம்பிக் பிரிட்டனில் மருத்துவக் கருவியாகச் சான்று பெற்றது. உங்களுக்கு யாரோ மலிவு விலையில் கட்டித்தரப்போவது அது இல்லை. அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக வைத்த டெஸ்ஸா என்ற சாட்பாட், அவர்களுக்கே உடல் எடையைக் குறைக்க வழி சொன்னதால் 2023-இல் நிறுத்தப்பட்டது.

தானாக வாக்கியம் அமைத்துப் பதில் சொல்லும் வகை வேண்டாம். எழுதிவைத்த கேள்வி, பொத்தான் அழுத்திப் பதில், அது போதும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. மகனுடைய கைப்பேசியில் கிடக்கும் உரையாடலில் என்ன ரகசியம்? எனவே எழுத்தில் எதையும் வாங்காமல், ‘எத்தனை மணிக்கு அழைக்கலாம்’ என்று மட்டும் கேட்பதே மேல்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே. என் அண்ணனுக்கு முடியாமல் போனபோது முதலில் குணசீலம் கோயிலுக்குத்தான் அழைத்துப் போனோம். பிறகு ஒரு தனியார் மருத்துவரிடம். என்ன நோய் என்று அவர் சொல்லவே இல்லை, ஊசி போட்டு அனுப்பினார். மனநலப் பிரிவு என்று ஒன்று இருப்பதும், சீட்டு போட்டால் பார்ப்பார்கள் என்பதும் அக்கா எழுதியதைப் படித்துத்தான் இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அண்ணன் தூங்காமல் வாசலில் நடந்துகொண்டிருந்த இரவுகளில் நான் யாரிடம் கேட்பது? அண்ணியிடம்கூட வாய் திறக்க முடியவில்லை. அப்போது ஒரு இயந்திரம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். நோயாளிக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், பக்கத்தில் இருப்பவனுக்காவது வையுங்கள்.

பாமணியாற்றங்கரை:

ஐயா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டாருக்கென்று தனி வழி வைக்கிறோம். செயலாளரிடம் இன்று பேசினேன். “பிரிக்கிற வேலையும் செய்யாது, எழுத்திலும் வாங்காது என்றால் சாட்பாட் எதற்கு, நோட்டீஸ் அடித்து ஒட்டிவிடலாமே” என்கிறார். கோபத்தில் சொன்னாலும் பாதி நியாயம், நோட்டீஸும் அடிக்கப்போகிறோம். மருந்துப் பூட்டுக் கேள்வியை எங்கள் படிவத்தில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ‘ஆம்’ என்று வரும் பதிலுக்கு இரவில் அழைக்க வேண்டியது யார் என்று கேட்கப்போகிறேன். முறை போட்டுக்கொள்ள ஆள் இல்லையென்றால் சாட்பாட் பகலில் மட்டும் ஓடட்டும், இரவில் யார் எழுதினாலும் 14416-ஐ மட்டும் காட்டட்டும்.