கட்டுப்பாட்டுக் குழுவிலும் குடி குறைகிறது: ஆய்வு வடிவமைப்பில் உதவி தேவை

குடிப்பழக்கத்தின் ஆபத்தை அளக்கும் ஆடிட் (AUDIT) வினாத்தாளில் 8 முதல் 15 வரை மதிப்பெண் பெற்ற வெளிநோயாளிகளுக்கு 10 நிமிட மது ஆலோசனை பயன்படுகிறதா என்று சோதிக்கும் எங்கள் முன்னோட்ட ஆய்வில், 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, துண்டறிக்கை மட்டும் பெற்ற கட்டுப்பாட்டுக் குழுவினரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குடியைக் குறைத்திருந்தார்கள். சராசரியை நோக்கிய பின்னடைவு (முதல் அளவீட்டில் மிக உயர்ந்திருந்த மதிப்பு அடுத்த முறை தானாகவே சராசரிக்கு அருகே வருவது) இரு குழுக்களுக்கும் பொதுவானது என்பதால், வேறுபாடு மறைந்ததற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. குடியைப் பற்றி விரிவாகக் கேட்பதே ஒரு சிறு ஆலோசனையாகிவிடுகிறது என்றுதான் நான் கருதுகிறேன்.

தொடக்க வினாக்களைச் சுருக்கினோம், குழு எதுவென்று அறியாதவர்களைக் கொண்டு பின்தொடர் நேர்காணல் நடத்தினோம், ஆலோசகர்களையும் தனியாகப் பிரித்தோம், பலனில்லை. தனிநபர்களுக்குப் பதிலாக மருத்துவமனை வாரியாகக் குலுக்கிக் குழு பிரித்தால் கலப்பு (ஒரு குழுவுக்கான ஆலோசனை மற்ற குழுவையும் எட்டுவது) குறையும், ஆனால் பங்கேற்பாளர் எண்ணிக்கை எங்களால் தாங்க முடியாத அளவுக்கு உயரும்.

தொடக்க மதிப்பீட்டின் தாக்கத்தைத் தனியே அளக்க, சாலமன் நான்கு குழு வடிவமைப்பைவிட (தொடக்க மதிப்பீடு செய்தும் செய்யாமலும், ஆலோசனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என நான்கு குழுக்களை ஒப்பிடும் முறை) குறைந்த பங்கேற்பாளர்களோடு இயலும் வழி ஏதேனும் உண்டா?