2009 பட்டம் பட்டனுக்கா, டிஃப்யூசருக்கா?

பிட்லேன் பாண்டி:
ஃபார்முலா 1 கார் ரேஸ்ல பிரிட்டிஷ் ஜாம்பவான்கள்னு யார் லிஸ்ட் போட்டாலும் ஜிம் கிளார்க், ஜாக்கி ஸ்டூவர்ட் பேருக்குக் கீழ ஜென்சன் பட்டன் பேரையும் சேத்துடுறாங்க. எந்தக் கணக்குலன்னு எனக்குப் புரியல. அவரு உலகச் சாம்பியன் ஆன 2009 சீசனையே எடுத்துக்குவோம். முதல் 7 ரேஸ்ல 6 வெற்றி, ஒத்துக்கிறேன். மிச்சம் 10 ரேஸ்ல? பூஜ்யம். அந்தக் கடைசி 10 ரேஸ்ல மட்டும் வாங்குன புள்ளியைக் கூட்டிப் பாருங்க: ரெட்புல் டீம் வெட்டல் 55, பாரிக்கெல்லோ 42, பட்டன் 34. பாரிக்கெல்லோ பட்டனோட அதே பிரான் டீம், அதே கார், வயசு 37. அவரு வாலென்சியாவையும் மோன்சாவையும் ஜெயிச்சாரு. விதியில இருந்த ஓட்டையில இரட்டை டிஃப்யூசரை (காரோட அடியில பின்பக்கம் காத்தை வெளியேத்தி, காரைத் தரையோட அழுத்துற பாகம்) சொருகுனாங்க. மத்த டீமெல்லாம் அதைக் காப்பியடிச்சு முடிக்கிற வரைக்கும் இவரு ராஜா. அவ்ளோதான் கதை.

சில்வர்ஸ்டோன் செல்வி:
பாண்டி அண்ணே, கூட்டல் சரி, பாதிக் கணக்கை மறைச்சுட்டீங்களே. முதல் 7 ரேஸ்ல பட்டன் 61 புள்ளி, அதே கார்ல பாரிக்கெல்லோ 35. அப்போ மட்டும் கார் பட்டனுக்குத் தனியா ஓடுச்சா?

அப்புறம் டிஃப்யூசர். மெல்போர்ன்ல சீசன் தொடங்குறப்பவே டொயோட்டா, வில்லியம்ஸ் கார்லயும் அது இருந்துச்சு. ஃபெராரி, ரெட்புல், ரெனோ எல்லாம் புகார் கொடுத்து, ஏப்ரல்ல பாரிஸ்ல அப்பீல் கோர்ட் "செல்லும்"னு சொன்னது மூணு டீமுக்கும் சேத்துத்தான். மத்த ரெண்டு டீமும் அந்த வருஷம் ஒரு ரேஸாவது ஜெயிச்சதா?

பஹ்ரைனை மறுபடி போட்டுப் பாருங்க. முதல் வரிசை ரெண்டும் டொயோட்டா. பட்டன் கிளம்புனது 4-வது இடத்துல. முதல் லேப்லயே வெட்டலைத் தாண்டிட்டாரு. மெக்லாரன் ஹாமில்டன் கார்ல கெர்ஸ் (பிரேக் போடும்போது சக்தியைச் சேத்து வெச்சு அப்புறம் கூடுதல் வேகம் தர்ற கருவி) இருக்கு, நேர்ரோட்டுல விட்டா பிடிக்க முடியாது. ரெண்டாவது லேப் ஆரம்பத்துல முதல் வளைவுலயே உள்ள புகுந்து அவரையும் தாண்டுனாரு. அங்க தாண்டலேன்னா மொத்த ரேஸும் ஹாமில்டன் பின்னாடியே போயிருக்கும். அதை டிஃப்யூசர் செய்யாது.

பிட்லேன் பாண்டி:
பார்சிலோனாவை விட்டுட்டியேம்மா. ஸ்டார்ட்டுல முன்னாடி போனது பாரிக்கெல்லோ. ரெண்டு பேருக்கும் மூணு பிட் ஸ்டாப் திட்டம். நடுவுல பட்டனுக்கு மட்டும் ரெண்டுன்னு மாத்துனாங்க, ஜெயிச்சது பட்டன். டீம் முதலாளி யாரு? ராஸ் பிரான். 2002-ல ஆஸ்திரியாவுல ஃபினிஷ் கோட்டுக்கிட்ட ஷூமாக்கருக்கு வழி விடுன்னு பாரிக்கெல்லோவுக்கு உத்தரவு வந்தப்போ ஃபெராரியில தொழில்நுட்பத் தலைவரா இருந்தவரும் அவர்தான். பாவம் ரூபென்ஸ், எங்க போனாலும் விதி துரத்துது.

ஈரத்தடம்:
ரெண்டு பேரும் சீசனை ரெண்டாப் பிச்சு ஆளுக்கொரு பாதியை வெச்சுக்கிட்டு அடிச்சுக்கிறீங்க. ரெண்டு பாதிக்கும் காரணம் ஒண்ணுதான்: டயர் சூடு.

பட்டன் ஸ்டீயரிங்கைத் திருப்புறது, பிரேக் மிதிக்கிறது எல்லாமே மெதுமெதுன்னு இருக்கும். டயரை அரைக்கவே மாட்டாரு. வெயில் அடிக்கிற ட்ராக்குல இது வரம்; மத்தவங்க டயர் வழுக்க ஆரம்பிச்ச பிறகும் இவரோடது தாங்கும். ஆனா குளிர்ல அந்த டயர் வேலை செய்யுற சூட்டுக்கே வராது. அவர் சொந்த ஊர் ரேஸான சில்வர்ஸ்டோன்ல 6-வதா வந்தாரு, பாரிக்கெல்லோ 3-வது. டயரைக் கொஞ்சம் முரட்டுத்தனமாப் பிடிக்கிறவருக்கு அன்னைக்கு அது உதவுச்சு. யார் எந்த இடத்துல கிளம்பணும்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்ல ஒரே லேப்ல சூடு ஏத்தணும், சீசனோட ரெண்டாம் பாதியில இவரு அங்கதான் பல தடவை பின்தங்குனாரு.

இன்னொண்ணு. 2008 டிசம்பர்ல ஹோண்டா கையை விரிச்சுட்டுப் போயிடுச்சு. ராஸ் பிரான் டீமை வாங்குனது 1 பவுண்டுக்கு. ஆளைக் குறைச்சாங்க. சீசன் நடுவுல புதுப் பாகம் செஞ்சு காரை வளக்கக் கையில காசில்ல. ரெட்புல் மாசாமாசம் ஏதாவது மாத்திட்டே இருந்துச்சு. அந்த 34 புள்ளியை இதையும் சேத்துப் படிக்கணும்.

என் கருத்தைக் கேட்டீங்கன்னா: தனக்குப் பிடிச்ச பதத்துல கார் கிடைச்சா பட்டனை அசைக்க முடியாது. கொஞ்சம் விலகிட்டா நடுத்தரம். எந்தக் காரையும் இழுத்துட்டுப் போற அலோன்சோ ரகம் இல்ல.

ஹாமில்டன் வெறியன்:
எல்லாத்தையும் விடுங்க. 2010-ல மெக்லாரனுக்கு வந்தாரே, எங்க தல பக்கத்துல உக்காந்து என்ன கிழிச்சாரு? 3 சீசன், தல 10 வெற்றி, பட்டன் 8. குவாலிஃபையிங் பக்கம் போகவே வேண்டாம், ஓடிடுவாரு.

சில்வர்ஸ்டோன் செல்வி:
தம்பி, அந்த 3 சீசன் மொத்தப் புள்ளியையும் சொல்லிட்டுப் போப்பா. பட்டன் 672, ஹாமில்டன் 657. 2011-ல பட்டன் சாம்பியன்ஷிப்ல 2-வது, உங்க தல 5-வது.

ஹாமில்டன் வெறியன்:
2012-ல சிங்கப்பூர், அபுதாபி ரெண்டுலயும் தல முன்னணியில ஓடிட்டு இருக்கும்போது கார் படுத்துச்சு. அந்த 50 புள்ளியைச் சேத்துட்டு வாங்க அக்கா, அப்புறம் பேசலாம்.

கொங்கு டர்போ:
2012-னதும் ஞாபகம் வருது, செபாங். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹெச்.ஆர்.டி. டீம்ல ஓட்டிட்டு இருந்தாரு. பட்டன் உள்ள விட்டு இடிச்சு, முன்றெக்கை உடைஞ்சு, கடைசியில 14-வதா வந்தாரு. "என் தப்புதான்"னு முடிச்சுக்கிட்டாரு. அதே ரேஸ்ல நரேன் மேல உரசி டயர் போன வெட்டல் விரலைக் காட்டி, வாய்க்கு வந்தபடி பேசுனாரு. திரிக்குச் சம்பந்தமில்லதான், ஆனா அன்னைல இருந்து நான் பட்டன் கட்சி 😄

ஈரத்தடம்:
ஹாமில்டன் வேகமானவர்ங்கிறதுல யாருக்கும் தகராறு இல்ல தம்பி. ட்ராக் பாதி நனைஞ்சு பாதி காய்ஞ்சு இருக்கும்போது எப்ப டயர் மாத்தணும்னு ஒரு முடிவு இருக்கு பாருங்க, அதுல பட்டனுக்குப் பக்கத்துல வர ஆள் குறைவு. மெல்போர்ன் 2010-ல ஈரம் காயறதுக்குள்ளயே எல்லாருக்கும் முன்னாடி ஸ்லிக் (காய்ஞ்ச ட்ராக்குக்கான வழுவழு டயர்) போட்டாரு. வெளிய வந்ததும் வழுக்கிக்கிட்டுப் புல்லுக்குப் போனாரு, எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு லேப்ல மொத்தக் கூட்டமும் பிட்டுக்கு ஓடுச்சு. ஜெயிச்சது அவரு. அதே வருஷம் ஷாங்காய்ல எதிர்ப்பக்கம்: மத்தவங்க மழை டயருக்கு மாத்த ஓடுனப்போ இவரு ஸ்லிக்லயே இருந்தாரு, அதையும் ஜெயிச்சாரு.

பிட்லேன் பாண்டி:
அடுத்து மோன்ட்ரியல் 2011-ன்னு ஆரம்பிப்பீங்க, அதனால நானே சொல்லிடறேன். 4 மணி நேரத்துக்கு மேல நடந்த ரேஸ், மழையில பாதியில நிறுத்தி வெச்சாங்க, பட்டன் ஒரு கட்டத்துல கடைசி ஆளு, கடைசி லேப்ல ஜெயிச்சாரு. அற்புதம். ஆனா அன்னைக்கு முதல்ல சொந்த டீம்மேட் ஹாமில்டனோட மோதல், அவர் ரேஸ் காலி. அப்புறம் அலோன்சோவோட மோதல், அவர் ரேஸும் காலி. சேஃப்டி கார் பின்னாடி வேகமாப் போனதுக்குத் தண்டனை வேற. கடைசியில வெட்டல் தானா வழுக்கி வழி விட்டாரு. இடிச்சவரு ஜெயிச்சதைக் காவியம்னு பாடுறீங்க.

சில்வர்ஸ்டோன் செல்வி:
வெட்டல் ஏன் வழுக்குனாரு? லேப்புக்கு லேப் பின்னாடி ஒருத்தர் நெருங்கி வந்துட்டே இருந்ததாலதான். அந்த வருஷம் வெட்டலுக்கு அப்படி ஒரு நெருக்கடியை எத்தனை பேர் கொடுத்தாங்க?

நீங்க 2009-ஐ மட்டும் பிடிச்சுட்டு இருக்கீங்க, அதனால அந்த வருஷ பிரேசில் ரேஸ், இன்டர்லாகோஸ். மழையில குவாலிஃபையிங், பட்டனுக்கு 14-வது இடம். பாரிக்கெல்லோவுக்கு அவரோட சொந்த ஊர்ல போல், அதாவது முதல் இடம். பட்டத்தைக் காப்பாத்தணும்னா கணக்குப் போட்டுப் பின்னாடியே பதுங்கியும் ஓட்டலாம். பட்டன் க்ரோஷானைத் தாண்டுனாரு, நகஜிமாவைத் தாண்டுனாரு. அதுக்கப்புறம் மாட்டுனது கோபயாஷிகிட்ட. டொயோட்டால முதல் ரேஸ் ஓட்டுற பையன், இழக்க ஒண்ணுமில்ல, பிரேக் போடற இடத்துல எல்லாம் குறுக்க வர்றான். ஒரு இடி இடிச்சா பட்டம் அடுத்த ரேஸுக்குப் போகலாம்ங்கிற நிலைமைதான் அப்போ. முதல் வளைவுல உள்பக்கம் இறங்கி அவனையும் தாண்டுனாரு. 5-வதா முடிச்சாரு. இன்னும் ஒரு ரேஸ் பாக்கி இருக்கும்போதே பட்டம் கைக்கு வந்துச்சு.

பிட்லேன் பாண்டி:
பாரிக்கெல்லோவுக்குப் பஞ்சர் ஆனதை லாவகமா விட்டுட்ட. சரி, அன்னைக்கு நல்லா ஓட்டுனாரு, அதை நான் இல்லேங்கல. பட்டம் செல்லாதுன்னும் நான் எங்கயும் எழுதல. என் வழக்கு அந்த லிஸ்ட் மேலதான். கிளார்க் 72 ரேஸ்ல 25 வெற்றி. ஸ்டூவர்ட் 99-ல 27. பட்டன் 300-க்கு மேல ஓட்டி 15. முதல் வெற்றிக்கே ஹங்கேரி 2006 வரைக்கும், 113 ரேஸ் காத்திருந்தாரு. அந்த 27-ஐயும் 15-ஐயும் ஒரே தராசுல வெக்காதீங்க. கீழ ஒரு வரிசை போட்டு மேன்சல் பக்கத்துல வெச்சாக்கூட நான் யோசிப்பேன்.

சில்வர்ஸ்டோன் செல்வி:
மேன்சலா? 1992 வில்லியம்ஸ் கார். மேடுபள்ளத்துலயும் காரைத் தானாவே நிதானமா வெக்கிற ஆக்டிவ் சஸ்பென்ஷன், முதல் 5 ரேஸும் வரிசையா வெற்றி, மொத்தம் 9 வெற்றி, ஆகஸ்டுலயே ஹங்கேரியில பட்டம். அங்க மட்டும் கார் ஓட்டலையா அண்ணே?

பிட்லேன் பாண்டி:
மேன்சலைத் தொடாதே. அதுக்குத் தனித் திரி போடு, வர்றேன்.