கொலம்போவின் கண்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பதிவு:
'கொலம்போ' என்ற அமெரிக்க டிவி தொடரில் துப்பறியும் போலீஸ்காரராக நடித்த பீட்டர் ஃபால்க் மூன்று வயதிலேயே கண் புற்றுநோயால் வலது கண்ணை இழந்தவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சிறு வயதில் அதே நோய், ஒரு கண் செயற்கை. கொலம்போ தலையைச் சாய்த்துப் பார்ப்பாரே, அதை நான் நடிப்பாக நினைத்ததே இல்லை.

சமீபத்தில் ஓர் இன்டர்வியூ. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர் பேனாவை மூடிக்கொண்டே, "ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்ப்பீர்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை.

கொலம்பியா பிக்சர்ஸ் முதலாளி ஹாரி கோனும் இப்படித்தான், "இதே காசுக்கு ரெண்டு கண்ணும் உள்ள நடிகன் கிடைப்பான்" என்று ஃபால்க்கைத் திருப்பி அனுப்பினார். 1960, 1961 படங்களுக்கு அடுத்தடுத்து ஆஸ்கர் பரிந்துரை வந்தது வேறு கதை. பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது தவறாக அவுட் கொடுத்த அம்பயரிடம் கண்ணையே கழற்றி நீட்டியவர் அவர். நானும் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தால் அந்த ஆள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்.

பதில்:
புடாபெஸ்டில் அவர் சிலை இருக்கிறது, 2014-ல் வைத்தது. கசங்கின ரெயின்கோட், தலையில் கை, காலடியில் நாய். படம் எடுத்துவிட்டு நகர்ந்தேன். ஹங்கேரியப் பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனவர், சட்டென்று திரும்பி நெற்றியில் விரலை வைத்து ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் கொலம்போ வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்பாரே, "இன்னும் ஒரே ஒரு விஷயம்", அதுதான் என்று தெரியாதா! இருவரும் சிரித்தோம். அந்தத் தெரு ஃபால்க் மிக்‌ஷா என்ற அரசியல்வாதி பெயரில் இருக்கிறது, அவர் பீட்டர் ஃபால்க்குக்கு உறவினராம். கொலம்போ பாத்திரமே பீட்டருக்காக எழுதியதுதானே.

பதில்:
இரண்டுமே சரியில்லை. அந்த உறவுக்கு ஆதாரம் கிடையாது. கொலம்போவாக 1960-லேயே டிவியில் பெர்ட் ஃபிரீட் நடித்தார், பிறகு மேடையில் தாமஸ் மிட்செல். ஃபால்க் வந்தது 1968-ல்தான். ரெயின்கோட் மட்டும் அவருடைய சொந்தக் கோட்டு.

என் கதை சின்னது. ஃபால்க் நடிக்க வருவதற்கு முன் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் மாநில பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, நாடக நடிகை ஈவா லெ கல்லியென் தொழில்முறை நடிகர்களுக்கு நடத்திய வகுப்புக்குக் காரோட்டிப் போவார். எப்போதும் லேட். ஒருநாள் அந்த அம்மா காரணம் கேட்க, தான் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்படியானால் நீ நடிகனாகத்தான் வேண்டும்" என்றாராம் அந்த அம்மா. இவர் போய் வேலையை விட்டுவிட்டார். இதை நான் படித்தது ஆபீஸில், பட்ஜெட் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு. அன்றைக்கு மேனேஜர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

பதில்:
நான் கண் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு தாய் போனை நீட்டினார். அதே நோய்தான். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்: இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். கருவிழி நடுவில் வெள்ளை தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டி வைத்தியம் பார்க்காமல் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இப்போது பல குழந்தைகளுக்குக் கண்ணையே காப்பாற்றுகிறார்கள். பரம்பரையாகவும் வரலாம் என்பதால் கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தம்பி, உங்களுக்கும் சொல்கிறேன்: செயற்கைக் கண்ணை வருடா வருடம் பாலிஷ் செய்யுங்கள், நல்ல கண்ணுக்குப் பாதுகாப்பாகப் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், பிள்ளை பிறந்தால் முதல் மாதமே காட்டுங்கள்.

பதிவு:
அக்கா, கண்ணாடி போட்டுத்தான் இருக்கிறேன். கல்யாணமே இன்னும் ஆகவில்லை. புடாபெஸ்ட் நண்பரே, சிலையில் வலது கண்ணைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா, இரண்டையும் ஒரே மாதிரி செய்துவிட்டார்களா? கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள்.