தலைப்பிரட்டைகள் கரையேற வழி வைத்திருக்கிறீர்களா?

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். கிணற்றடியில் சிமெண்டில் சின்னக் குளம் மாதிரி ஒரு தொட்டி கட்டி அல்லி விட்டிருக்கிறோம். போன ஜூனில் மழை பிடித்த இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், அல்லித் தண்டுகளைச் சுற்றி கறுப்புப் பாசிமணி கோத்ததுபோல நீளநீளமாக முட்டைச் சரம். தேரை இட்டது. தவளை முட்டை என்றால் இப்படிச் சரமாக இருக்காது. சில நாளில் தொட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் நெளிந்தன.

அப்புறம் தினமும் கொஞ்சம் குறைந்தது. தண்ணீருக்கடியில் வளரும் தட்டான் குஞ்சு, மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிப் பிடித்துத் தின்பதைப் பார்த்தேன். துணிக்கொடியில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. ஒருநாள் ராத்திரி தண்ணீர்ப்பாம்பு. நான் கம்பு எடுத்தபோது அம்மா, "விடு, அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்றாள். விட்டுவிட்டேன். ஆயிரக்கணக்கில் முட்டை இடுவதே இந்தக் கணக்குக்காகத்தானே.

ஆனால் நாலாவது வாரம் நடந்தது வேறு. பின்கால் வந்து, முன்காலும் முளைத்து, வால் சுருங்கத் தொடங்கியிருந்தது. நாலு நாள் மழை இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் நாற்பதுக்குமேல் செத்து மிதந்தன. தண்ணீரில் நாற்றம் எதுவும் இல்லை. சுவரோரம் இன்னும் சில நீந்திக்கொண்டே இருந்தன, ஏற முடியாமல். அப்போதுதான் விளங்கியது. அந்தப் பருவத்தில் செவுள் போய் நுரையீரலால் மூச்சு விடுகிறது. இரைகூட எடுப்பதில்லை, சுருங்கும் வால்தான் அதற்குச் சாப்பாடு. கரையேறியே ஆகவேண்டும். என் தொட்டியிலோ நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. பாம்பும் பறவையும் தின்றதற்கு நான் வருத்தப்படவில்லை. இதைக் கொன்றது நான் கட்டிய சுவர்.

உடனே ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து, ஒரு நுனி தண்ணீருக்குள்ளும் மறுநுனி விளிம்பிலுமாக வைத்தேன். மத்தியானத்துக்குள் அதன்மேல் நகத்தைவிடச் சின்னதாக ஏழெட்டு தேரைக் குஞ்சுகள். அடுத்த மழைக்குப் புல்லில் கால் வைக்கவே பயமாக இருந்தது, அத்தனை குஞ்சுகள்.

நம்மூரில் வயல்கள் வாழையாகவும் ரப்பராகவும் மாறிவிட்டன. தேரைக்கு முட்டையிடத் தண்ணீர் எங்கே? உங்கள் வீட்டில் என்ன பார்த்தீர்கள், எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பதில்

அண்ணே, எங்கள் வீட்டில் மொட்டைமாடியில் தாமரைத் தொட்டி. கொசுவுக்காகக் கப்பி மீன் விட்டிருந்தோம். தொட்டிக்கு மேலே சாய்ந்த இலையில் மரத்தவளை நுரைக்கூடு வைத்தது. சில நாள் கழித்து குஞ்சுகள் சொட்டுச்சொட்டாகத் தண்ணீரில் விழுந்தன. கீழே மீன்கள் காத்திருந்து விழுந்ததை எல்லாம் தின்றுவிட்டன. அடுத்த கூட்டை இலையோடு வெட்டி, மழைத்தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மேலே கட்டினேன். அவித்த கீரை கொஞ்சம் போட்டேன். பதினொன்று தேறியது. வாளியிலும் மட்டை வைக்க வேண்டுமா?

என் பதில்

மரத்தவளைக் குஞ்சுக்கு விரல் நுனியில் ஒட்டும் திண்டு உண்டு, வாளிச் சுவரிலேயே ஏறிவிடும் தம்பி. தேரைக்குத்தான் அது இல்லை. இருந்தாலும் ஒரு குச்சியாவது சாய்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதென்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். அந்தக் கப்பித் தொட்டியில் ஒரு பாதிக்காவது அல்லியும் பாசியும் அடர்ந்து வளரட்டும், ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.