சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு

இரவு 8:41
செல்வி: பெரியப்பா, மேற்கே மலையில் தீ. முன்னால் இருக்கிற மேடு மறைப்பதால் புகை மட்டும்தான் தெரிகிறது. வனத்துறைக்கும் 101க்கும் சொல்லியாச்சு. அண்ணன் காவலர்களோடு ஏறிவிட்டார்.

பெரியப்பா: மாடிக்குப் போய் ஒரு நிமிடம் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. நீ பேசாதே.

செல்வி: (வாய்ஸ் மெசேஜ் 0:58)

பெரியப்பா: தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று கேட்கிறதே, அது புல். தண்டில் மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகிப் பிளக்கிறது. நடுவில் இரண்டு வெடிச் சத்தம் கேட்டாயா?

கார்த்தி: பட்டாசு என்று நினைத்தேன் மாமா.

பெரியப்பா: மூங்கில். கணுவுக்குக் கணு அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கிறது. அங்கே மூங்கில் ஓடைக்கரையில் மட்டும்தான் உண்டு. தீ ஓடைக்கு இறங்கிவிட்டது. செல்வி, அண்ணனுக்கு உடனே சொல்.

அத்தை: அப்போது நம் பக்கம் வருகிறதா?

பெரியப்பா: இறங்கும் தீ மெதுவாகத்தான் வரும். ஓடை தாண்டி மேட்டில் ஏறினால்தான் பயம். ஏறுகிற தீ முன்னால் இருக்கும் புல்லைக் காய்ச்சிக்கொண்டே போகும். அப்போது சடசட கேட்காது, அருவி மாதிரி ஹோவென்று இரையும். அந்த இரைச்சல் கேட்டால் யாரும் மேலே ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, எரிந்து கருகிய தரைக்குப் போகவேண்டும். 2018 மார்ச் 11, குரங்கணியில் சரிவும் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்துகொண்டன. 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எல்லாம் சின்ன வயசு. கோடை வந்தாலே அந்த நினைப்புதான்.

செல்வி: அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பச்சைத் தழையால் அடித்துக்கொண்டிருக்கிறார்களாம். இரைச்சல் இல்லையாம்.

கார்த்தி: மாமா, ஐவரி கோஸ்ட்டில் நாணல் தவளைகளுக்குத் தீயின் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புகையும் இல்லை, சூடும் இல்லை. சத்தத்துக்கே மறைவிடம் தேடி ஓடினவாம். 2002இல் வந்த ஆய்வு.

பெரியப்பா: ஓடத்தானே செய்யும். கோடை முழுக்கக் காய்ந்த செடியில் உட்கார்ந்திருக்கிற உயிருக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்குமா?

இரவு 10:52
செல்வி: அண்ணன் இறங்கிவிட்டார். சத்தம் அடங்கிவிட்டது.

பெரியப்பா: நல்லது தாயி. ராத்திரி தடால் என்று கேட்டால் பயப்படாதே, அடி எரிந்த மரம் சாயும். இரண்டு மூன்று நாளைக்கு அங்கே மாடு ஓட்ட வேண்டாம். சில்வண்டு கேட்கிறதா?

செல்வி: மேட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கிறது பெரியப்பா. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.